பதினேழு வரிப் பட்டியலில் ஆறரை மாதத்தில் மூன்றுதான் முடிந்திருக்கிறது: எதை அடிப்பது, எதை வைப்பது?

பவானிக்கரை | ஜூலை 18, இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். வயது 44. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜனவரி 1 அன்று தினசரி நாட்காட்டியின் அட்டையைத் திருப்பி, இந்த ஆண்டு செய்ய வேண்டியவற்றைப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஐந்தாறு வரியில் முடியும் என்று நினைத்தது பதினேழில் போய் நின்றது. தினமும் பத்தாயிரம் அடி நடை, காபியில் சர்க்கரையை விடுவது, 81 கிலோவை 72 ஆக்குவது, பத்தரைக்குள் படுப்பது, நாளுக்கு ஒரு குறள், நீச்சல், மாடித்தோட்டம், வெள்ளியங்கிரி, வெள்ளோட்டில் பறவை பார்ப்பது, அப்பாவின் ஆர்மோனியத்தைச் சரிசெய்து நான்கு பாட்டாவது வாசிப்பது. மீதியும் இதே ரகம்தான்.

இன்று காலை தாளைக் கிழித்தபோது ஆணி துளைத்திருந்த இடம் பிய்ந்து அட்டை கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். மூன்றே மூன்று டிக். ஒன்று பல் மருத்துவரைப் பார்த்தது. அதுவும் வலி பொறுக்காமல் போனது. இன்னொன்று இரத்தப் பரிசோதனை. மூன்றாவது, சைக்கிளுக்கு டயர் மாற்றியது. சைக்கிள் ஓட்டுவது என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதற்கு டிக் இல்லை.

நடைதான் அதிகம் உறுத்துகிறது. வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நடக்கிறேன், நிற்கிறேன், மறுபடி நடக்கிறேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். என்னுடைய உச்சம் 13 நாள். அட்டையைப் பழைய தாள்காரருக்குப் போட்டுவிடலாமா, பாதியை அடித்துவிட்டு மீதியைப் பிடிக்கலாமா?

கூழைக்கடா | ஜூலை 18, இரவு 11:05

டயர் மாற்றியதற்கும் டிக் போட்டீர்களே, அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது. என் பட்டியலில் 'ஓட்டத்துக்குக் காலணி வாங்குவது' மூன்று ஆண்டுகளாக டிக் வாங்குகிறது. ஓட்டம் இன்னும் வரவில்லை.

ஆய்வகத்து ஆள் | ஜூலை 19, காலை 6:20

இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் வருத்தம் பாதி குறையும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியது அது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். 'குறைந்தது' என்ற சொல் வாய்க்கு வாய் மாறியதில் உதிர்ந்துவிட்டது. மூக்கு நடையாக மாறியதும் அப்படித்தான்.

பழக்கத்தையே அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்தார்கள். 96 பேர், 84 நாள். ஆளுக்கொரு செயல்: ஒருவருக்குச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இன்னொருவருக்குக் காலையில் உடற்பயிற்சி. யோசிக்காமலே செய்யும் நிலை வர நடுவாக 66 நாள் ஆனது. விரைவில் பழகியவருக்கு 18 நாள், நெடியவருக்கு 254. ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால் அந்த 254, வளைகோட்டை நீட்டிப் போட்ட கணக்கு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது வேறொரு முடிவு: இடையில் ஒரு நாள் விட்டதால் பழகுவது பெரிதாகக் கெடவில்லை. விட்ட நாளுக்காக மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தேவையில்லை.

வெறுங்கால் | ஜூலை 19, காலை 7:02

பட்டியலே ஒரு நோய் என்பது என் கட்சி. பத்தாயிரம் அடி யார் போட்ட கணக்கு? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு ஆண்டு ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி அளவி'. விளம்பரத்துக்கு வைத்த எண்ணை மருத்துவர் சீட்டில் எழுதித் தந்தது போல் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

என் அப்பா எந்தப் பட்டியலும் எழுதியதில்லை. 82 வயது வரை நாலு மணிக்கு எழுந்தார், காட்டுக்கு நடந்தார், எட்டு மணிக்குப் படுத்தார். சர்க்கரை நோய் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது.

சீரங்கத்து மாடி | ஜூலை 19, காலை 8:30

வெறுங்கால் தம்பி, உங்கள் அப்பாவுக்குப் பட்டியல் இருந்தது. எழுதி வைத்தது மாடு. நாலு மணிக்குப் பால் கறக்காவிட்டால் அது தெருவே கேட்கக் கத்தியிருக்கும். எங்களைப் போல ஓய்வு பெற்ற பிறகு மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு யார் கத்துவார்கள்? பள்ளி மணி நின்ற மறுநாளே ஒன்பது மணி வரை தூங்கிப்போனேன். 33 ஆண்டு பாடம் நடத்தியவள் நான். அதனால்தான் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அடிக் கணக்கில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். சராசரி வயது 72 கொண்ட அமெரிக்கப் பெண்களிடம் எடுத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு வீதம் கணிசமாகக் குறைவு. சுமார் 7,500-க்குப் பிறகு கூடுதலாகப் பெரிய பலன் தென்படவில்லை. நடந்ததால் நீண்ட நாள் இருந்தார்களா, நல்ல உடம்பு இருந்ததால் நடந்தார்களா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் என் முழங்காலுக்கு 5,000 போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இரட்டைப் பதிவு | ஜூலை 19, பிற்பகல் 1:15

பவானிக்கரை ஐயா, நீங்கள் கணக்கு எழுதுகிறவர், நானும் அதே தொழில்தான். கூச்சப்படாமல் கேட்கிறேன். நாளுக்கு ஒரு குறள் என்றால் 1330 நாள் ஆகும், மூன்றரை ஆண்டுக்கு மேல். அதை எப்படி ஓர் ஆண்டுக் கணக்கில் ஏற்றினீர்கள்?

இரண்டாவது, நடந்த நாள்களைக் குறித்து வைத்திருப்பீர்கள். அதை விட்டுத் தள்ளுங்கள். தொடர் அறுந்த நாள்களை மட்டும் எடுத்துக் கிழமைவாரியாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் இதைத்தான் செய்வோம்.

மானாவாரி | ஜூலை 19, இரவு 7:50

கோபிசெட்டிபாளையம் பக்கம். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது சொந்தமாக மூன்று ஏக்கர். உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பட்டியல் இருக்கிறது, பட்டம் இல்லை. விதைக்கிற பருவத்தைத்தான் சொல்கிறேன்.

பதினேழு விதையையும் ஜனவரி 1 அன்று ஒரே குழியில் போட்டிருக்கிறீர்கள். மாடித்தோட்டத்தை மார்கழியில் எழுதி, தையில் பை வாங்கி, மாசியில் நட்டு, பங்குனி வெயிலில் காயவிட்டிருப்பீர்கள். நம் ஊர்ச் சித்திரையில் மொட்டை மாடித் தளம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத சூடு. செடி என்ன செய்யும், பாவம்? ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. ஆடி பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது, இப்போது போடுங்கள். செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. முதலில் கீரை. சிறுகீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும், மனசுக்கும் தெம்பு வரும். தக்காளி, கத்தரி எல்லாம் பிறகு. அசுவினிப் பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

வெள்ளியங்கிரிக்கு வருவோம். வனத்துறை ஏறவிடுவதே பிப்ரவரி முதல் மே வரைதான். இப்போது அந்த வரியைப் பார்த்து வருந்துவது ஐப்பசியில் மாம்பழம் கிடைக்கவில்லை என்று வருந்துவது போல. ஐப்பசியில் வீட்டு மாடிப்படி ஏற ஆரம்பியுங்கள், அதுதான் அதற்கு உழவு. நான் மூன்று முறை போயிருக்கிறேன். பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் கிளம்புவோம். எல்லாரும் ஏழாவது மலையைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் ஆளைத் தின்பது முதல் மலை. ஒழுங்கில்லாத உயரத்தில் கல் படி, முடிவே இல்லாமல் போகும், நம் மூச்சு நமக்கே பக்கத்து ஆள் மூச்சு போலக் கேட்கும். இறங்கும்போதுதான் தடியின் அருமை தெரியும். தொடை நடுங்குவதைக் கையால் பிடித்தாலும் நிறுத்த முடியாது.

வெள்ளோட்டுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை. நீச்சலுக்குப் பங்குனி, சித்திரை. விடியலில் எழுந்து பழக மார்கழி. நீங்கள் முயற்சியே செய்ய வேண்டாம், கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கு எழுப்பிவிடும். பட்டமே பார்க்காதது குறள் ஒன்றுதான்.

கூழைக்கடா | ஜூலை 19, இரவு 8:10

மானாவாரி ஐயா சொன்னதில் என் பங்குக்கு ஒன்று. 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம். ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, கண்ணில் பட்டதை எண்ணி ஈபேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். உங்கள் மொட்டை மாடியே போதும். காகம், மைனா, மணிப்புறா என்று ஆரம்பியுங்கள். இருநோக்கி (பைனாகுலர்) வாங்க அவசரப்பட வேண்டாம், அது சைக்கிள் டயர் போல ஆகிவிடும். வெள்ளோட்டில் நத்தைகுத்தி நாரையையும் என் பெயர்க்காரரையும் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

பவானிக்கரை | ஜூலை 20, இரவு 11:30

இரட்டைப் பதிவு அவர்களுக்கு: குறள் விஷயத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

கிழமைக் கணக்கும் போட்டேன். பதினான்கு முறை தொடங்கி பதினான்கு முறை அறுந்திருக்கிறது. பதினொரு முறை அறுந்தது செவ்வாய்க்கிழமை. நாற்பது நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, ஆனால் ஆறரை மாதமாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயோடு முடியும். கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். லுங்கி, துண்டு, போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பில் போடுவேன். சாக்கு ஊசி, சணல், டீ டம்ளர் எல்லாம் பில் புத்தகத்தின் மேலேயே இருக்கும். கடைசி கட்டு வண்டியில் ஏற ஒன்றரை மணி ஆகிவிடும். இரண்டு மணிக்குப் படுத்தவன் ஐந்து மணி அலாரத்தை அணைத்துவிட்டு, 'ஒழுக்கமில்லாதவன்' என்று என்னையே திட்டிக்கொண்டு, புதன்கிழமையும் போகாமல் இருந்திருக்கிறேன்.

சீரங்கத்து மாடி | ஜூலை 21, காலை 6:45

முடிதிருத்துகிறவர் செவ்வாய்க்கிழமை கடை அடைத்தால் தொழிலை விட்டுவிட்டார் என்றா சொல்கிறோம்? உங்களுக்கும் செவ்வாய் விடுமுறை என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். புதன் காலை கடை திறந்தால் சரி.

வெறுங்கால் | ஜூலை 21, காலை 9:12

மாடு விஷயத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரையை முழுதாக விடச் சொல்வதை ஏற்க மாட்டேன். ஈரோட்டில் இருந்துகொண்டு கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இருக்கும்போது எதற்கு இந்தத் தவம்? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு. வெள்ளையை விட்டு அதற்கு மாறுங்கள், போதும்.

ஆய்வகத்து ஆள் | ஜூலை 21, காலை 9:40

போதாது. மணம் வேறு, நிறம் வேறு, கொஞ்சம் தாது உப்பு கூடுதல், அவ்வளவுதான். இரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். கருப்பட்டிக்கும் இதே தீர்ப்பு, திட்டுபவர்கள் திட்டலாம். வாரம் இரண்டு பேராவது 'நான் வெள்ளைச் சர்க்கரை தொடுவதே இல்லையே' என்று என் மேசைக்கு முன்னால் அழாக்குறையாக நிற்கிறார்கள்.

பவானிக்கரை, பரிசோதனை செய்தேன் என்றீர்களே, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) எவ்வளவு?

பவானிக்கரை | ஜூலை 21, பிற்பகல் 2:20

6.1. நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி.

ஆய்வகத்து ஆள் | ஜூலை 21, பிற்பகல் 2:55

5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு எல்லைக்கோடு என்பார்கள். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், நான் மருத்துவர் அல்லன். காபிக் கணக்கு மட்டும் சொல்கிறேன். கரண்டிக்கு 4 கிராம் என்றால் 32 கிராம். சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நீங்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே அதைத் தாண்டிவிடுகிறீர்கள். ஒரே நாளில் விட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குக்குத் தெரியாது. நாலாவது காபியை மட்டும் அடியோடு விடுங்கள். பத்தரைக்குத் தூக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாற்பத்தாறில் நீச்சல் | ஜூலை 22, இரவு 9:05

மதுரையிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. நீச்சல் வரியை அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். நான் 46 வயதில் கற்றேன். முதல் வாரம் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்தபடி முகத்தை உள்ளே விட்டு மூச்சை வெளியே ஊதியதுதான் பாடம். பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தைகள் தவளை போலக் குதிக்கும். ஒரு சிறுமி என்னிடம் வந்து, 'பாட்டி, பயமா?' என்று கேட்டாள். பயத்தைவிடப் பாட்டிதான் வலித்தது.

எல்லாரும் தலையைத் தூக்கி மூச்சை இழுக்கவே பார்க்கிறோம், ஊதுவதை மறந்துவிடுகிறோம். உள்ளே இருந்த காற்றை வெளியே விடாததால்தான் மூச்சு முட்டுகிறது என்று புரிய எனக்கு ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் கம்பியை விட்டேன். தலை தானாகவே மேலே வந்தது. மூன்று மாதத்தில் 25 மீட்டர், மூச்சு வாங்காமல் இல்லை, நிற்காமல். ஆற்றில் மட்டும் பழகாதீர்கள். காவிரி பார்க்க அமைதியாக இருக்கும், அடியில் இழுக்கும்.

இரட்டைப் பதிவு | ஜூலை 23, காலை 7:30

ஆர்மோனியத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஐயா, அது உங்கள் ஆசையா, அப்பாவின் ஆசையா?

பவானிக்கரை | ஜூலை 23, இரவு 10:50

நீங்கள் கேட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். துருத்தியின் தோல் மடிப்பில் வெடித்திருக்கிறது. கட்டைகளில் நடு ஸ்தாயி மட்டும் தேய்ந்து மஞ்சளாகியிருக்கிறது, அப்பாவின் விரல் ஓடிய இடம். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. அப்பா இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து துருத்தி போடப் பிடிக்கும், வாசிக்கப் பிடித்ததே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். தோலை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தங்கை மகள் கேட்டால் பார்க்கலாம், கேட்காவிட்டாலும் இருக்கட்டும்.

மானாவாரி | ஆகஸ்ட் 3, காலை 10:15

ஆடிப்பெருக்கு வாழ்த்துகள். பை வாங்கினீர்களா, இல்லையா?

பவானிக்கரை | ஆகஸ்ட் 3, இரவு 8:40

ஆறு பை. சிறுகீரை முளைவிட்டிருக்கிறது. ஒரு பையில் மட்டும் குருவி கிளறிவிட்டது. அதைக் கூழைக்கடா அவர்களின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அட்டையில் பதினேழு இப்போது ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதம் எழுதிவிட்டேன். இந்த மாதத்துக்கு மூன்றே வரி: நடை (செவ்வாய் விடுமுறை, 6,000 அடி), காபியில் அரைக் கரண்டி குறைப்பு, கீரை. எடை வரியை அடித்துவிட்டேன். மற்றவை நடந்தால் அதுவாகக் குறையட்டும்.

நீச்சலுக்கு எதிரே பங்குனி என்று போட்டிருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பையன்கள் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூட்டை, முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பார்கள். என்னை மட்டும் அம்மா விடவில்லை. இப்போது அது எங்கேயாவது கிடைக்கிறதா?

மானாவாரி | ஆகஸ்ட் 3, இரவு 9:00

கடையில் எங்கே கிடைக்கும்? விதைக்க வேண்டியதுதான், பட்டமும் இதுதான். குண்டுச் சுரை விதை ஆறு அனுப்புகிறேன், தனிச் செய்தியில் முகவரி கொடுங்கள். இரண்டு காயை மட்டும் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விடுங்கள். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். புருடை மிதக்கத்தான் வைக்கும், காப்பாற்றாது. நீந்தத் தெரிந்த ஆள் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும்.

பவானிக்கரை | ஜனவரி 19, இரவு 9:25

இந்த இழையை மறந்திருப்பீர்கள். நடை 66-ஐத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, எண்ணுவதை ஐப்பசியிலேயே விட்டுவிட்டேன். மூன்று மாதச் சராசரி 5.9. இன்னும் ஒரு கரண்டி மிச்சம் இருக்கிறது, அதை விட மனம் வரவில்லை. குறள் 140-இல் நிற்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பொங்கலுக்கு மாடியில் 15 நிமிடம் நின்றதில் பதினொரு வகைப் பறவை. அதில் ஒன்று என்னவென்று தெரியவில்லை, படம் கூழைக்கடா அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சுரை இரண்டும் காய்ந்துவிட்டன. குலுக்கினால் சலசலக்கிறது. மானாவாரி ஐயா, ஒன்று கட்டினால் போதுமா, இரண்டா?

மானாவாரி | ஜனவரி 20, காலை 5:50

முதலில் எடையைச் சொல்லுங்கள்.

பவானிக்கரை | ஜனவரி 20, காலை 6:40

78.

மானாவாரி | ஜனவரி 20, காலை 6:44

இரண்டு கட்டுங்கள். எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கே வந்துவிடுங்கள், என் மகன் உள்ளே நிற்பான். பங்குனியில் தண்ணீர் எட்டாவது படியில் இருக்கும். செவ்வாய் மட்டும் வேண்டாம்.